வியாழக்கிழமைப் பக்கங்கள்

3 ஜூன் 2025, செவ்வாய்

கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணீர் வைத்துப் பார்த்தேன். உப்பில் பால் திரைந்துவிட்டது. கொட்டிவிட்டு வழமைபோலப் போத்தல் தண்ணீரில் வைத்தேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் இது நல்ல தண்ணீர்க் கிணறு. எங்களுடையது ஆறில்லாத தீவு. மாரிமழைத் தண்ணீரைக் கடற்கரைப் பக்கத்து மணல் மேடுதான் பிடித்துவைத்துத் தந்தது. அந்த மணலை அள்ளி விற்றார்கள். அள்ளாதே என்று நாங்கள் போராடினோம். தோற்றோம். கிணறு உப்பாகிவிட்டது. அந்தக் கதையாவது மிஞ்சட்டும் என்று இன்றைக்குப் போராட்டப் பெட்டியைத் திறந்தேன். மனுக்கள், துண்டுப்பிரசுரங்கள், காவல் கொப்பி, எல்லாவற்றையும் ஸ்கான் செய்து இணையத்தில் ஏற்றவேண்டும். ஒரு மூலையைக் கரையான் தின்றுவிட்டது. கரையானுக்காவது பசி என்றொரு காரணம் இருக்கிறது.

6 ஜூன், வெள்ளி

யாழ்ப்பாணத்தில் இருந்து இணையத்தளம் செய்து தருகிற தாரிகா மாதிரிப் பக்கம் அனுப்பியிருந்தாள். ஊரார் முந்நூற்று நாற்பது பேர் ஒப்பமிட்ட மனு. ஒப்பங்களுக்கு மேலே குறுக்காகக் கொட்டை எழுத்தில்: "உபயம்: பிரசாந்தன் குடும்பம், ரொறன்ரோ."

"அவர்தானே அக்கா காசு கட்டுறவர். எல்லாப் பக்கத்திலயும் போடச் சொன்னவர்" என்றாள்.

கோயில் ரியூப்லைற்றில் பேர் எழுதி வெளிச்சத்தை மறைக்கிற ஆட்களிடம் வேறென்னத்தை எதிர்பார்க்கிறது? செத்துப்போனவர்களின் கையெழுத்துக்கு மேலே ஏறி நிற்கிறான். சீ.

9 ஜூன், திங்கள்

பிரசாந்தன் ரொறன்ரோவில் இருந்து போன் எடுத்தான்.

"அக்கா, பேரைக் கீழ சின்னனாப் போடட்டும். பிரச்சினையில்லை. ஆனா அந்தக் காவல் கொப்பி மட்டும் வேண்டாம். பழசைக் கிண்டி என்ன வரப்போகுது? சனம் இப்ப ஒற்றுமையா இருக்கு."

என்ன ஒற்றுமை என்று எனக்குத் தெரியும். அந்தக் கொப்பியில் அவனுடைய தமையனின் ட்ரக்டர் முப்பத்தொரு தரம் இருக்கிறது. சந்தி வேப்பமரத்தின் கீழ் கதிரை போட்டு, நாளுக்கு ஒரு வீடு என்று முறைவைத்து, மணலோடு போகிற ஒவ்வொரு ட்ரக்டரின் இலக்கத்தையும் எழுதினோம். மறிக்கப் பயம். எழுத மட்டும்தான் துணிவிருந்தது. வியாழன் எங்கள் வீட்டு முறை. என் புருசன் நிமலன் போவார்.

"ஒரு பக்கமும் விடமாட்டன் தம்பி. ஏத்தினா முழுசா ஏத்துவன்."

விறாந்தையில் இருந்து இவர் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

10 ஜூன்

இனிக் காசு கட்டமாட்டானாம். போகட்டும். படங்களைச் சின்னதாக்கினால் இலவச இடமே காணும், காசு தேவையில்லை என்கிறாள் தாரிகா. உபயமும் தொலைந்தது.

14 ஜூன், சனி

அப்போது சந்தியில் கடை வைத்திருந்த அன்ரனிட்டா தன் பழைய போனில் இருந்த படங்களைத் தந்தாள். எடுத்த திகதி படத்துக்குள்ளேயே இருக்குமாம். தாரிகா காட்டித்தந்தபடி வரிசையாக அடுக்கினேன்.

22 ஓகஸ்ட் 2013. அன்ரனிட்டாவின் மகள் புதுச் சைக்கிளோடு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் மூன்று ட்ரக்டர், மணல் குவித்தபடி. வேப்பமரத்தடியில் கதிரை. கதிரையில் இவர். மடியில் கொப்பி மூடிக் கிடக்கிறது. கையில் சோடாப் போத்தல். சிரிப்பு வேறு.

கொப்பியைப் புரட்டினேன். 22 ஓகஸ்ட், வியாழன். இவருடைய குண்டெழுத்து: "இன்று ஒன்றும் போகவில்லை."

அதற்கு முந்தின வியாழனும் ஒன்றும் போகவில்லை. அதற்கு முந்தினதும். பத்து வியாழன். மற்ற ஆறு நாளும் பக்கம் கொள்ளாத இலக்கங்கள்.

15 ஜூன்

எங்கட குசினி எப்ப கட்டினது? அந்த வருசம் செப்டெம்பரில. "மலிவா மணல் கிடைச்சது" எண்டவர். எங்க இருந்து எண்டு நான் கேட்டனானோ? கேக்கேல்லை. புதுக் குசினிச் சந்தோசத்தில வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். பகல் முழுக்கப் பதாகை பிடிச்சன், பின்னேரம் வந்து அந்தச் சுவருக்கு வெள்ளை அடிச்சன். த்தூ.

இண்டைக்கு உலை வைக்கேல்லை. கடைப் பாண்.

17 ஜூன்

பத்துப் பக்கம்தானே. விட்டால் யாருக்குத் தெரியும்?

பிரசாந்தன் கேட்டதும் இதைத்தானே. அவனுக்கு எவ்வளவு கதை கதைத்தேன்.

கொப்பியை அப்படியே ஏற்றிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். அதுவும் பொய்தான், இன்னும் பன்னிரண்டு வருடத்துக்கு.

18 ஜூன், புதன்

இவரிடம் படத்தைக் காட்டினேன்.

"எல்லாரும்தானே சறோ கட்டினவை. வீட்டுத்திட்டக் காசுக்குத் தவணை முடியுது எண்டு அதிகாரிமார் நெருக்கினவங்கள். மணலுக்கு வேற எங்க போறது?"

"மணல் எடுத்ததை நான் கேக்கேல்லை. எழுதினதைக் கேக்கிறன்."

எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அங்கே போய் என்னத்தைக் கழுவப்போகிறார்?

22 ஜூன், ஞாயிறு

கொப்பி முழுவதும் ஸ்கான் செய்து முடிந்தது. வியாழன் பக்கங்களுக்குக் கீழே குறிப்பு எழுதினேன்: "இந்த நாட்களில் காவலிருந்தவர் என் கணவர் நிமலன். எழுதியிருப்பது பொய். 22 ஓகஸ்ட் படத்தைப் பார்க்கவும். அந்த மணல் எங்கள் குசினிச் சுவரிலும் இருக்கிறது. கட்டும்போது நான் கேட்கவில்லை. சறோஜினிதேவி."

'வெளியிடு' என்ற இடத்துக்குக் கை போகிறது, திரும்பி வருகிறது. முப்பது வருசம் ஒரு கோப்பையில் சாப்பிட்ட மனிசன்.

24 ஜூன்

இன்றைக்கும் கடைப் பாண். இவர் தன் கோப்பையை விறாந்தைக்குக் கொண்டுபோய்விட்டார்.

26 ஜூன், வியாழன்

காலமை கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு இருந்தார். குறிப்பை ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். அழிக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"இது காணாது, இன்னும் இருக்கு. நான் சொல்லுறன், எழுதும்" என்றார்.

அந்த வியாழன்களில் மணலோடு போன ஏழு ட்ரக்டரின் இலக்கம் அப்படியே சொன்னார். எட்டாவதுக்கு முதல் இரண்டு இலக்கம்தான் ஞாபகம். எழுதாமல் விட்டதை மனிசன் இவ்வளவு காலமும் மறக்கவுமில்லை.

"எங்கட வளவில கொண்டுவந்து பறிச்சது மூண்டு லோட் மணல். அதையும் போடும்."

போட்டேன். தொண்டை காய்ந்திருக்கும் என்று போத்தல் தண்ணீரை நீட்டினேன். வாங்கவில்லை. கிணற்றடிக்குப் போய் ஒரு செம்பு அள்ளிவந்து, என் முன்னால் நின்று, முகம் சுளிக்கச் சுளிக்கக் குடித்து முடித்தார்.

செம்பை அவர் கீழே வைத்த பிறகு 'வெளியிடு' என்பதை அழுத்தினேன்.