மோந்து பார்க்கிற வேலை

மார்ச் 2
இன்று குளியலறையில் சோப்பைக் கடித்துப் பார்த்தேன். நாற்பத்தெட்டு வயதுப் பொம்பளை! நுரை வந்தது. வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. போன வாரக் காய்ச்சல் போகும்போது மூக்கையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சளி இறங்கினால் சரியாகிவிடும்.

மார்ச் 5
சரியாகவில்லை. எங்கள் கிரில் கோழிக்கடைக்கு ஒன்பது கிளை. எந்தக் கிளையானாலும், காலையில் வருகிற கோழியை அடுப்புக்காரி மோந்து பார்த்துத் தலையாட்டினால்தான் அது கம்பியில் ஏறிச் சுற்றும். எங்கள் கிளையில் அந்தத் தலை என்னுடையது.
கல்லாவில் இருக்கிற பெண்ணைக் கூப்பிட்டு, "உன் மூக்கு கண்ணாடி மாட்ட மட்டுந்தானா, வேலைக்கும் ஆகுமா? மோந்து சொல்லுடி" என்றேன்.
"நல்லாத்தான்க்கா இருக்கு."
இரவல் மூக்கை வைத்து இன்றைக்குத் தலையாட்டியாயிற்று. நாளைக்கு?

மார்ச் 9
வீட்டுக்காரர் இடுப்பு போய் வீட்டோடு இருக்கிறார். சமையல் அவர்தான். "உப்பு எப்படி?" என்றார்.
"அடடா, தங்கமான கை!"
கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னைக்கு உப்பே போடலையே."
மாட்டிக்கொண்டேன். எல்லாம் சொன்னேன்.
"கடையில சொல்லிடும்மா. யாராவது தின்னுட்டு விழுந்துட்டா?"
"சொன்னா அடுப்பை விட்டு இறக்கிடுவாங்க. எனக்கு வேற என்னங்க தெரியும்? கையெழுத்துப் போடவே நாக்கைத் துருத்தணும்."
அவர் சிரிக்கவில்லை. ஒருத்தராவது சிரிக்க வேண்டாமா, நானே சிரித்தேன். சாமி, மூக்கைத் திருப்பிக் குடுத்துடு. முட்டியை வேணும்னா எடுத்துக்கோ, அது எப்படியும் வலிக்குது.

மார்ச் 11
கல்லாப் பெண்ணிடம் சொல்லியே விட்டேன். "எனக்கு வாசனை தெரியலைடி." அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போன மாசம் காது கேக்கலைன்னு நாள் பூரா எங்களைச் சுத்தல்ல விட்டீங்களே, இப்ப மூக்கா?"
ஆமாம், விட்டேன். இப்போது யார் நம்புவார்கள்?

மார்ச் 12
பச்சைப் பூண்டை மென்றேன். எரிந்தது. அவ்வளவுதான்.

மார்ச் 14
தினம் எனக்காக மோந்து சொல்ற கல்லாப் பெண் இன்னைக்கு வர லேட்டு. அடுப்பு காய்ஞ்சுக்கிட்டு நிக்குது, வாசல்ல ஆளு. நான் தலையை ஆட்டிட்டேன். ஆட்டிட்டேனே — பெட்டிக்கு அடியில ரெண்டு கோழி கெட்டுக் கிடந்திருக்கு. மசாலா மேல மூடிக்கிச்சு. ஒரு சின்னக் குழந்தை, ரெண்டு வாய் தின்னுட்டு மேசையிலேயே வாந்தி. அம்மாக்காரி கத்தினது இன்னும் காதுல இருக்கு.
சூப்பர்வைசர் ஓடி வந்தார். "எப்படிக்கா விட்டீங்க?"
"எனக்கு மூக்கு போச்சு சார்."
"இந்த நேரத்துலயுமா விளையாட்டு?"
அந்தத் தட்டில் மிச்சம் கிடந்ததை எடுத்து மோந்தேன். வெறும் காத்து. பிய்த்து வாய்க்குக் கொண்டு போனேன். "அக்கா!" என்று அலறிக் கையைத் தட்டிவிட்டாள் கல்லாப் பெண். அப்புறம்தான் ரெண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.
அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எப்படி இருப்பேன்?

மார்ச் 15
குழந்தை நன்றாக இருக்கிறதாம். சூப்பர்வைசர் போன் போட்டுக் கேட்டுச் சொன்னார். கழிப்பறைக்குள் போய் அழுது தீர்த்தேன். வெளியே வந்தபோது என் அடுப்பு முன்னால் வேறொருத்தி ஏப்ரன் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு தப்பு.

மார்ச் 30
துரத்தவில்லை. கோழி வெந்ததும் மைக்கில் நம்பர் கூப்பிடுகிற வேலை. மூக்கு வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.
மத்தியானம் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். "ஆச்சுங்க. எனக்கு இப்ப நம்ம கடைக் கோழியும் ஒண்ணுதான், அது வர்ற அட்டைப் பெட்டியும் ஒண்ணுதான்" என்றேன்.
மைக்கை அணைத்திருக்கவில்லை. ஜன்னலோர மேசைக்காரர் தன் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாப்பிட்டார்.