நட்டவன் படுக்க வேண்டிய வீடு

வெள்ளி, முதல் சங்கு

இன்றைக்குப் பெரட்டில், கொட்டகைக்குள் பேர் கூப்பிடுகிற வரிசையில், நின்றவர்கள்: காத்தாயி, அது நான். என் மகள் பூமாலை, இடுப்பில் கைப்பிள்ளை. என் தங்கச்சி மகன் சிவநேசன், நங்கூரம் முறுக்குகிறவன். வயர்லெஸ் பார்க்கிற அமலி. வேலை வாங்குகிற பிரதாபன் துரை. துரை பிந்தித்தான் வந்தார், போன தடவை மாதிரியே. வெடிப்பள்ளத்து ஆட்களுக்குத் தனிப் பெரட்டு.

வேலை: வெடி வைத்துக் கல் எடுக்கிற பள்ளம் லயத்தை, எங்கள் வீட்டு வரிசையை, நெருங்கிவிட்டது. ஓரத்திலுள்ள இரண்டு தகர வீடுகளைக் கழற்றி மேட்டில் மறுபடி நட வேண்டும். ஒன்று பூமாலை வீடு. மற்றது காலி.

இதைப் பின்னால் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். விண்வெளியில் மிதக்கிற இந்தப் பாறையில் எதற்கும் கனம் கிடையாது, வீட்டுக்கு வெளியே காற்றும் கிடையாது. ஒரு வீட்டை இரண்டு பெண்கள் தூக்கிக்கொண்டு நடக்கலாம். வெடி அதிர்ந்தால் கட்டாத வீடு எழும்பிப் போகும், திரும்ப விழாது. அதனால்தான் நாலு மூலைக்கும் நாலு நங்கூரம். ஆள் நெஞ்சு உயரத்துக்குக் கம்பி, நுனியில் திருகு இலை. முறுக்கி இறக்கினால் மண்ணைக் கவ்வும். அதிலிருந்து இரும்புப் பட்டை போட்டு வீட்டைக் கட்டுவோம்.

வெள்ளி, மூன்றாம் சங்கு

எட்டு நங்கூரமும் கழற்றியாச்சு. வந்த வழியே திருப்பித் திருப்பித்தான் எடுக்க வேண்டும், பிடுங்கினால் இலை கோணிப்போகும். துரைக்குப் பொறுக்கவில்லை.

வயர்லெஸ்ஸில் துரை: "காத்தாயி, பல்லு பிடுங்குற மாதிரி ஏன் நோண்டிக்கிட்டு இருக்கீங்க? கட்டி இழுத்து எறிங்க."

நான்: "உங்க பல்லா இருந்தா இழுத்திருப்பேன் துரை."

பள்ளத்து ஆட்கள் சிரித்தது எல்லாருக்கும் கேட்டது. துரை அதை மறக்க மாட்டார். நானும் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

மேட்டில் மண் மெலிசு, கீழே கல். கல் தட்டினால் கம்பியை எடுத்து ஒரு கை தள்ளி நட வேண்டும். அங்கேயும் தட்டினால் இன்னும் தள்ளி. நடுகிற வேலை சிவநேசனுக்கு, பட்டை கட்டுகிற வேலை எனக்கு. நான் பட்டை போட வந்தபோது எட்டுக் கம்பியும் தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. இழுத்துச் சோதித்தாச்சு என்று துரை சொன்னார். பிள்ளையைக் காற்றுப்பெட்டியில் வைத்துப் பூமாலை தங்கள் வீட்டுக்குள் போய்விட்டாள்; பெட்டியைத் துரை திரும்ப வாங்கிக்கொண்டார்.

வெள்ளி, படுக்கைச் சங்கு

காலி வீட்டில் இருந்து எழுதுகிறேன். காலையிலிருந்து நான் எழுதிவருகிற இந்த வேலைத்தாளில்தான் முதல் படுக்கைக்காரரும் எழுத வேண்டும். வீடு ஆடிச்சா, சத்தம் வந்ததா என்று குறிக்க வேண்டும்.

எங்கள் வழக்கம்: நட்டவன் எத்தனை வீடு நட்டாலும், அதில் ஒன்றில் அவனே முதலில் படுக்க வேண்டும். அவன் படுத்தால்தான் மற்றவர்கள் மற்ற வீட்டில் நம்பித் தூங்குவார்கள். பழைய பாறையில் இந்த வழக்கம் இல்லை. அங்கே என் தங்கச்சி, சிவநேசன் அம்மா, வீட்டோடு பறந்து போனாள். அந்த வீட்டை நட்ட குணபாலன் அடுத்த லயத்தில் சோறு தின்றுகொண்டிருந்தான், பருப்பும் கருவாடும். அதற்குப் பிறகுதான் நாங்கள் எல்லாரும் கூடி இதை வைத்தோம்.

இன்றைக்குச் சிவநேசனுக்கு வயிற்றுவலியாம். வளர்த்தவள் நான். அவனுக்குப் பதிலாக வந்து படுத்திருக்கிறேன்.

வீடு ஆடவில்லை. சத்தம் இல்லை. வெடிக்குக் காத்திருக்கிறேன்.

சனி, முதல் வெடிக்குப் பின்

வீடு எழும்பிவிட்டது.

தரைக் கண்ணாடியில் லயம் தெரிகிறது, தீப்பெட்டி தீப்பெட்டியாக. இழுவைப் படகு கல் ஏற்றிக்கொண்டு பெரிய கப்பலுக்குப் போயிருக்கிறது. அது திரும்பும் முன் இந்த வீட்டுக் காற்று தீர்ந்துவிடும். இதை நான் நன்றாகத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

அமலி: "காத்தாயிக்கா! கேக்குதா?"

நான்: "கேக்குது. பூமாலை வீடு?"

அமலி: "நிக்குதுக்கா. ஒரு மூலை லேசா தூக்கியிருக்கு. துரை, நீங்க பட்டையைச் சரியாக் கட்டலைன்னு சொல்றார்."

பட்டை கட்டின என்னையா?

கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். நாலு பட்டையும் இறுக்கமாக இருக்கிறது, ஒன்றுகூட நழுவவில்லை. ஒவ்வொரு பட்டை நுனியிலும் நங்கூரம் தொங்குகிறது. முழு நங்கூரம் இல்லை, அரை நங்கூரம். தலைப்பக்கம் இரும்பறுக்கிற வாள் போட்டு அறுத்திருக்கிறது. அறுத்த இடம் புதுக்காசு மாதிரி மின்னுகிறது.

கல் தட்டியிருக்கிறது. எடுத்துத் தள்ளி நடாமல், மேலே நீட்டின கம்பியை அறுத்துத் தரைமட்டமாக்கி, அதன் மேலே கொக்கியைப் பற்றவைத்திருக்கிறான். ஆழமாக நட்டது மாதிரியே இருந்தது.

எட்டையும் நட்டவன் ஒருவன்தான். மற்ற நாலும் பூமாலை வீட்டுக்கு அடியில்.

சனி, முதல் சங்கு

நான்: "துரை, அடுத்த வெடியை நிறுத்துங்க. பூமாலையையும் பிள்ளையையும் வெளிய எடுங்க. நங்கூரம் அறுத்து வச்சிருக்கு."

துரை: "காத்தாயி, நீங்க பதட்டத்துல இருக்கீங்க. எல்லாம் சோதிச்சது."

நான்: "எதை வச்சுச் சோதிச்சீங்க? கண்ணை வச்சா?"

துரை: "வெடி நேரம் மாறாது."

கைப்பிள்ளைக்கு வெளி உடுப்பு கிடையாது. காற்றுப்பெட்டியில் வைத்துத்தான் எடுக்க முடியும். பெட்டிச் சாவி துரையிடம். பிள்ளையை விட்டு வர மாட்டாமல் பூமாலை உள்ளேயிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாளாம். அமலி சொல்லி அழுகிறாள். அழுகையை நிறுத்தச் சொல்லி ஏசினேன். வயர்லெஸ்ஸைப் பொதுவில் திறந்துவிடச் சொன்னேன், பள்ளத்து ஆட்கள் தலைக்கவசத்திலும் கேட்கிற மாதிரி. சிவநேசனைக் கூப்பிடச் சொன்னேன்.

சிவநேசன்: "பெரியம்மா, நான் அறுக்கல."

நான்: "பாத்துக்கிட்டே பேசுறேன்டா. உன் வாள் பல்லு ஒன்னு உடைஞ்சது. அந்தக் கீறல் நாலு கம்பியிலயும் இருக்கு."

வயர்லெஸ்ஸை அமலியிடமே திருப்பித் தரப் பார்த்தானாம்; அவள் வாங்கவில்லை.

நான்: "வயித்துவலி எப்படி இருக்கு ராசா?"

நான்: "பூமாலை உனக்குத் தன் தட்டுல இருந்து எடுத்துக் குடுத்து வளந்தவ. அவ கீழ எத்தனை அறுத்திருக்க? எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. சொல்லு."

சிவநேசன்: "ரெண்டு... மூணு, பெரியம்மா. எங்க நட்டாலும் கல்லுதான். சங்குக்கு முன்னாடி முடிக்கலன்னா பெரட்டுல பேர் இருக்காதுன்னு துரை சொன்னார். அறுத்துரு, யாரு பாக்கப் போறாங்கன்னார்."

துரை: "அமலி, லைனை வெட்டு."

அமலி வெட்டவில்லை. அமலியைப் பற்றி முன்பு இரண்டு மூன்று விஷயம் மனசில் வைத்திருந்தேன். அதெல்லாம் இத்தோடு விட்டேன்.

சனி, இரண்டாம் சங்கு இருக்கும்

தலை வலிக்கிறது. காற்று கெட்டியாகிவிட்ட மாதிரி.

அமலி: "அக்கா, பள்ளத்து ஆளுக ஒருத்தரும் மேல ஏறல. அங்கயே குந்திட்டாங்க. அவங்க உள்ள இருக்கிறவரைக்கும் வெடி வைக்க முடியாது. சாவியை வாங்கிட்டோம். எப்படி வாங்கினோம்னு கேக்காதீங்க. பிள்ளை பெட்டியில. பூமாலை இங்க இருக்கா, பேச வாய் வரல."

நான்: "பேச வேணாம். பிள்ளைக்குப் பால் குடுக்கச் சொல்லு."

பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நின்றது. குடிக்கிறது.

அமலி: "சிவநேசன் என் காலடியில கெடக்கான்க்கா. ஒரு வார்த்தை சொல்லுங்க அவனுக்கு."

சொல்லவில்லை.

இங்கே சங்கு கேட்காது

வயர்லெஸ் சத்தம் தேய்ந்துவிட்டது. பாறை நிலக்கடலை அளவு தெரிகிறது. எழுத்து கோணுகிறது, மன்னிக்கவும், பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை.

துரை மேல் எனக்கு வருத்தமில்லை. பாம்பு கொத்தினால் பாம்போடு யாராவது மனஸ்தாபம் வைப்பார்களா. அவரை லயம் பார்த்துக்கொள்ளும்.

அறுத்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பயந்து அறுத்தான். பயம் எல்லாருக்கும் உண்டு, பேர் போய்விடும் என்கிற பயம் எனக்கும் இருந்திருக்கிறது.

ஆனால் என் கம்பளியைத் தூக்கிக்கொண்டு வந்தது அவன். விரித்துக் கொடுத்தான். குளிருமே பெரியம்மா என்று காலைப் போர்த்தினான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். நான் நினைத்தேன், பாசம் என்று. பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினான். பூட்டு விழுந்ததா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். நங்கூரத்தை ஒரு தரம் இழுத்துப் பார்க்காதவன், கதவை

காற்று

கண்டெடுக்கிறவர்கள் யாராக இருந்தாலும் லயத்தில் போய்ச் சொல்லுங்கள். எனக்குத் திவசம் எல்லாரும் கொடுக்கலாம், பள்ளத்து ஆட்கள், அமலி, யாரும். ஒருத்தன் கை மட்டும் அந்தச் சோற்றில் படக்கூடாது. அவன் பேர் சிவநேசன்