பால் குண்டும் பூக்குண்டும்

கோவில்பட்டி

தம்பி காளீஸ்வரன் அவர்களுக்கு, உங்கள் தாத்தாவின் சோடா கம்பெனியில் இருபது வருசம் வேலை பார்த்த அய்யாத்துரை சொல்லி எழுதுவது. எனக்கு எழுத்துத் தெரியாது. எதிர்வீட்டு சுடலைச்செல்வி எழுதுகிறாள். எழுத்துத்தான் அவளுடையது, கோபம் என்னுடையது.

தனுஷ்கோடியில் கடல் வந்து ரயிலை விழுங்கியதே, அந்த வருசம் ஐப்பசியில் நடந்ததைப் பற்றி நீங்கள் பேப்பரில் சொல்லியிருக்கிறீர்கள். சென்னையில் பழைய கோலிக்குண்டுகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறீர்களாம். அதில் ஒரு குண்டுக்குக் கீழே, ‘எங்கள் தாத்தா கடையில் கருத்தப்பாண்டி என்ற பையன் திருடி, அவன் டவுசர் பையிலிருந்து பிடுங்கியது’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறீர்கள். கருத்தப்பாண்டி என் கூடப்பிறந்த அண்ணன். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது, எனக்குப் பதினொன்று.

சுடலைச்செல்வி பேப்பரில் வந்த அந்தக் குண்டின் படத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். கண்ணாடிக்குள்ளே மஞ்சளும் நீலமுமாக இதழ் இதழாக ஓடுகிறது. அது பூக்குண்டு. செண்பகவல்லி அம்மன் பங்குனித் திருவிழாக் கடையில்தான் அதை இந்த ஊர் முதன்முதலில் பார்த்தது. கடல் பொங்கியது மார்கழி. பங்குனி அதற்கும் பின்னால். ஐப்பசியில் ஓடிப்போனவன் பையில் பங்குனியில் வந்த குண்டு எப்படி இருக்கும்? இத்தனை குண்டு சேர்த்த உங்களுக்கு இது தெரியவில்லையா?

தீபாவளிக்கு முன்பு உங்கள் தாத்தா பூவனநாதன் முதலாளி மதுரையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இறக்கியது பால் குண்டு. வெள்ளை வெளேரென்று இருக்கும், ஒரு சிவப்புக் கோடு சுற்றி ஓடும். இரண்டு முனையிலும் மெஷின் கத்தரித்த தழும்பு உண்டு, நகம் வைத்தால் மாட்டும். பூக்குண்டு வழவழவென்று இருக்கும். சோடா பாட்டிலுக்குக் குண்டு பொறுக்கிப்போட்ட விரல் இது. இருட்டில் கொடுத்தாலும் சொல்லும்.

அந்த டப்பா காணாமல் போனது. கடைக்குத் தண்ணீர் சுமந்தவன் என் அண்ணன், அதனால் அவன்தான் கள்ளன். பையைத் திருப்பினார்கள். இருந்தது ஒரே ஒரு உடைந்த சோடா பாட்டிலின் பச்சைக் குண்டு. “வெளையாட்டுல தோத்தவன் முட்டியால தள்ளணும்லா? தள்ளுலே, தேரடி வரைக்கும் தள்ளு” என்றார் முதலாளி. தெருவே நின்று சிரித்தது. நடுத்தெருவில் மண்டி போட்டு, விரல் முட்டியால் அந்தப் பச்சைக் குண்டைத் தேரடி வரை தள்ளினான். கல்லும் கரிசல் மண்ணும் ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டன. பாதி வழியில் என்னை ஒரு தடவை பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் அவன் இல்லை. கையில் துணி சுற்றிய பையன் ஒருவனை மணியாச்சி ஸ்டேஷனில் பார்த்ததாகப் போர்ட்டர் ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். மார்கழியில் தனுஷ்கோடிச் செய்தி வந்ததிலிருந்து, “எம்புள்ள அந்த ரயில்ல போயிருப்பானோ” என்று கேட்டுக் கேட்டே எங்கள் அம்மா செத்தாள்.

தை மாதம் பருத்தி எடை போடும்போது உங்கள் வீட்டுப் பருத்திக் குடோனில் அந்த டப்பா அகப்பட்டது. கண்டெடுத்தது அந்த வீட்டு எட்டு வயதுப் பெண்பிள்ளை. என்னைக் கூப்பிட்டுக் காட்டி, “எங்கண்ணன்தான் ஒளிச்சு வச்சான். சொல்லிராத, என்னையக் கொன்னுருவான்” என்று அழுதாள். ஒரு குண்டை என் கையில் வைத்து அமுக்கினாள். அவள் சொன்ன அண்ணன் உங்கள் அப்பா இசக்கிதுரை.

நான் சொல்லவில்லை. பிறகு உங்கள் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். வயிறு வாயை அடைத்தது. உங்கள் அப்பா மீது உள்ள கோபத்தில் பாதி என் மேலும் உண்டு. “தாத்தா, இதையுமா எழுத?” என்று சுடலைச்செல்வி கேட்கிறாள். எழுதுட்டி என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பால் குண்டை இந்தக் கவரில் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன். அறுபது வருசமாக யாருக்கும் காட்டாதது. நகம் வைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு அந்தச் சீட்டைக் கிழியுங்கள். பேப்பரில் போட்டதை அதே பேப்பரில் மாற்றுங்கள். அண்ணன் எங்காவது இருந்து, எண்ணெய்ப் பலகாரம் மடித்த தாளிலாவது அதைப் படிக்கக்கூடும். அவனுக்கு எழுத்துத் தெரியும்.

நீங்களும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். அதையும் மனதாரத்தான் சொல்கிறேன். கிழவன் பேச்சு என்று நினைத்தால் என்னை நம்ப வேண்டாம். உங்கள் தாத்தா போய்விட்டார், அப்பா போய்விட்டார், தேரடியில் நின்று சிரித்தவர்களும் போய்விட்டார்கள். விளாத்திகுளத்துக்கு பஸ் ஏறுங்கள். அங்கே இருப்பவருக்குக் கண் மங்கிவிட்டதாம், அதனால் கேள்வி எதுவும் கேட்காமல் இந்தக் குண்டைக் கையில் வையுங்கள். அந்த டப்பாவைத் திறந்த கைகளில் இன்னும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான்: உங்கள் அத்தை சொர்ணத்தாய்.