நீ வேண்டாமென்ற சிறுநீரகம்

போதுமான காலம் பேசாமல் இருந்துவிட்டேன். இனியும் நான் பேசாதிருப்பது உனக்கு மட்டுமே வசதி.

இன்று காலை கட்டுகஸ்தோட்டையில் உயர்தர வகுப்பு. கரும்பலகையில் ஒரு கொலைக்கலத்தை, இரத்தத்தில் அந்நியரைக் கொல்லும் உயிரணுவை, வரைந்தேன். அது அந்நியக் கலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அது விடும் ஒரு புரதம் மற்றதன் மென்சவ்வில் துளை போடுகிறது. இன்னொரு புரதம் அந்தத் துளையால் நுழைந்து, அந்தக் கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் செய்கிறது. புதிய அந்நியனை இனங்கண்டு, பெருகி, கொல்லத் தொடங்க இவற்றுக்குச் சில நாட்களாவது வேண்டும் என்று வழக்கம்போலச் சொன்னேன். சொன்னதும் கை நின்றுவிட்டது. வெண்கட்டித் தூள் சட்டையில் கொட்டியதுகூடத் தெரியவில்லை.

நீயோ என் இரத்தத்தை எடுத்த மறுநாளே முடிவு சொன்னாய்.

உன் சிறுநீரகங்கள் பழுதாகி, கம்பளையிலிருந்து கண்டிக்கு இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வந்துபோன காலம் அது. என்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்றேன். நீ நன்றி சொல்லவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டாய். பொருந்துமா என்று தெரியும்வரை வீட்டில் சொல்ல வேண்டாம் என்றாய். நீ வேலை செய்த பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலேயே, உன் கையாலேயே என்னிடம் இரத்தம் எடுத்தாய்.

மறுநாள் பக்கத்துத் தேநீர்க் கடையில், இஞ்சித் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "சரிவராது மச்சான். ரெண்டு பேர்ட கலத்தயும் ஒண்டாப் போட்டுப் பாத்தன். ஒன்ட கலத்துல என்ட ஆக்கள் ஒண்டயும் மிச்சம் வெக்கல்ல."

எப்படி என்று கேட்டேன்.

"சலாம் சொல்ற மாதிரிப் பக்கத்துல வந்து ஒட்டும். பொறகு ஓட்ட போடும். அதால நஞ்ச உள்ளுக்கு அனுப்பிட்டு, ஒண்டும் தெரியாத மாதிரி அடுத்தவன்ட போயிரும்."

நானும் சிரித்தேன். நீ விளக்கிய பொறிமுறையில் ஒரு பிழையும் இல்லை. அது சரியாக இருந்ததால் முடிவையும் நம்பிவிட்டேன். விஞ்ஞானம் படிக்காத ஒருவர் என்றால் அறிக்கையைக் காட்டச் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் விளங்கிவிட்டதே.

அதற்குப் பல வருடம் முன், விரிவுரையாளர் பதவிக்கு நாம் இருவரும் நேர்முகத் தேர்வுக்குப் போன நாளை மறந்திருக்கமாட்டாய். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு முதலில் நீ உள்ளே போனாய். அங்கே என்ன சொன்னாயோ, பிறகு என்னிடம் அவர்கள் கேட்டதெல்லாம் என் முன்கோபத்தைப் பற்றித்தான். நீ விரிவுரையாளர் ஆனாய். நான் டியூஷன் மாஸ்டர் ஆனேன்.

அந்தப் பொய்யின் கணக்கு இப்போது எனக்கு விளங்குகிறது. இவனுடைய உறுப்பை உடம்பில் வைத்துக்கொண்டு சாகும்வரை இவன் முன்னால் தலைகுனிவதா, அதைவிட அந்த இயந்திரம் மேல். அப்படித்தானே? நான் சொல்லிக்காட்டியிருப்பேனா இல்லையா என்பது எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவும் நீ விடவில்லை.

நீ இறந்து நாற்பதாம் நாள் ஓதிய கத்தத்தில் சாப்பாடு முடிந்து புறப்படும்போது, உன் மனைவி கதவோரம் நின்று சொன்னார்: "ஒங்கட சொகத்துக்குத்தான் சேர், அவரு எந்த நாளும் துவா கேப்பாரு." அன்றிலிருந்து அந்த வார்த்தை என்னை உறுத்துகிறது. என் சுகத்தில் உனக்கு என்ன அக்கறை? என் உடம்பை வெட்ட மனம் வராமல்தான் பொய் சொன்னாயா? அதை நம்பினால் இத்தனை வருடக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நம்பமாட்டேன்.

சென்ற மாதம் என் சிறுநீரகங்களைச் சோதித்துப் பார்த்தேன். இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. உனக்கென்று நினைத்ததையும் நானே சுமந்து திரிகிறேன்.

இதைக் கம்பளை வீட்டுக்கே தபாலில் போடுகிறேன். உன் மனைவிதான் பிரிப்பார். பெயர் எழுதமாட்டேன். உன் நண்பர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள்; அன்று கதவோரம் அவர் எல்லோருக்கும்தான் விடைகொடுத்தார். நீ அவரிடம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போயிருந்தால், இது யாரோ ஒரு பைத்தியக்காரனின் கடிதம். சொல்லியிருந்தால், அவருக்கு என் பெயர் தேவைப்படாது.