தண்ணீர் கொண்டுவரப் போனவன்

மார்ச் 4

தங்கைக்கு,

நீ அனுப்பிய ரெக்கார்டர் வந்தது. அப்பாவின் போர்க்கால நினைவுகள் நீ வேலை பார்க்கும் அருங்காட்சியகத்துக்குத் தேவை என்கிறாய். நியாயம்தான். படுத்துக் கிடக்கும் அவருக்கு மலம் அள்ள ஓர் ஆள், கதை கேட்க ஓர் ஆள் என்று நம் வீட்டில் எப்போதோ பங்கு பிரித்தாகிவிட்டது.

நாம் சிறுவர்களாக இருந்தபோது, அப்பா உன்னை மடியில் வைத்துக்கொண்டு குண்டு விழுந்த கதையை ஆரம்பிப்பார். வெள்ளைக்காரக் குடும்பங்களை முதலில் ஏற்றிவிட்டு, மற்றவர்களைத் துப்பாக்கிக் கட்டையால் தள்ளிய ரயில் நிலையம் வரும். உடனே என்னைப் பார்த்து, "டேய், போய்த் தண்ணி கொண்டா" என்பார். நான் செம்போடு வரும்போது பேச்சு அடங்கியிருக்கும். முடிவு உனக்கு மட்டும். எனக்குச் செம்பு.

அண்ணன்

மார்ச் 21

அன்புள்ள அண்ணா,

கோபத்தை என்மேல் வைத்துக்கொள். எனக்கு லீவு கிடைக்காது. அப்பாவுக்கு நாள் கிடைக்காது. காலேஜ் வேலை முடிந்து வந்ததும் தினமும் கொஞ்ச நேரம் அவரைப் பேசவிடு. சிவப்பு விளக்கு எரிந்தால் பதிவாகிறது என்று அர்த்தம். ரயில் நிலையத்தை மட்டும் விட்டுவிடாதே.

உன் குட்டி

மே 9

தங்கைக்கு,

அப்பா போனதும் நீ வர முடியாமல் போனதும் பழைய செய்தி. காரியங்களை நானே முடித்தேன்.

கடைசி வாரம் முழுக்கப் பேசினார். கண் சுத்தமாகத் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு உன்னிடம்தான் பேசினார். "குட்டி, கேக்குதா? பதிவாகுதா?" என்றார்.

"ஆகுதுப்பா" என்றேன்.

ரயில் நிலையமும் வந்தது. இந்த முறை என்னைத் தண்ணீருக்கு அனுப்பவில்லை. பக்கத்தில் இருப்பது நான்தான் என்று தெரிந்திருந்தால் அனுப்பியிருப்பார்.

அண்ணன்

ஜூன் 2

அண்ணா,

எங்கள் அருங்காட்சியகத்துக்குப் பேசவந்த ஒரு பாட்டி, சின்னப் பெண்ணாக அதே நிலையத்தில் அண்ணனைத் தொலைத்தவர். "இங்கயே நில்லு, தண்ணி கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனானாம். கூட்டம் அவரைத் தூக்கி வண்டிக்குள் தள்ளிவிட்டது. தம் தாத்தாவின் ஊரையும் அண்ணனின் பெயரையும் சொன்னார். அப்பா சொல்லும் அதே ஊர், அப்பாவின் அதே பெயர். அவர் நம் அத்தை.

இப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். அப்பா இறந்ததைச் சொன்னேன். அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்: "தண்ணியோட திரும்பி வந்தானா, இல்ல என்னை விட்டுட்டு ஓடிட்டானா?"

எனக்குத் தெரியாது, அண்ணா. முடிவை எனக்குச் சொன்னார் என்று இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறாய். சொன்னதே இல்லை. நீ செம்பை எடுத்துக்கொண்டு போனதும் வாய் மூடிவிடும். நீ வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். உன் தலை தெரிந்த பிறகுதான் மூச்சு விடுவார். நீ கொண்டுவந்த தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடிப்பார். ஏன் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

பதிவை அனுப்பு. முடியாவிட்டால் போனிலாவது ஒரு வார்த்தை சொல். நீ எடுப்பதே இல்லை.

குட்டி

ஜூன் 17

தங்கைக்கு,

பதிவு இல்லை. நான் பொத்தானை அமுக்கவேயில்லை. விளக்கு எரிகிறதா என்று பார்க்க அவருக்குக் கண் இல்லை. உன் ரெக்கார்டர் பிரிக்காத பெட்டியிலேயே இருக்கிறது, தபாலில் வரும்.

அப்பா தண்ணீரோடு திரும்பி வந்தாரா, ஓடினாரா என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொன்னார். இப்போது அதைத் தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். முதல்முறையாக இந்த வீட்டில் எனக்கென்று ஒன்று கிடைத்திருக்கிறது.

வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்கிறாய். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். பார்த்திருக்கலாம். வந்து நின்றவனை ஒருநாளும் பார்க்கவில்லை.

அத்தையிடம் என் வணக்கத்தைச் சொல். காத்திருந்து பழகியவர், இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

உனக்கு முடிவு வேண்டுமென்றால் நேரில் வா. எதிரே உட்கார். முதலிலிருந்து சொல்கிறேன். ரயில் நிலையம் வந்ததும் செம்பை உன் கையில் கொடுத்து அனுப்புவேன்.

அண்ணன்