ஐந்து மணி பஸ்ஸும் உங்கள் பிஸ்கட் பேணியும்

இஞ்சாருங்கோ, என் அன்புக்குரியவரே,

செல்வராணி எனக்குச் சும்மா மீன் தருகிறாளாம், அதனால்தான் ஐந்து மணி பஸ்ஸுக்காக நான் சண்டை பிடிக்கிறேனாம். துறைமுகப் பக்கம் இப்படி ஒரு கதை உலவுகிறது. அது பொய். நான் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். செவுள் வெளிறியிருந்தால் திருப்பியும் அனுப்புகிறேன். அந்த பஸ் ஓட வேண்டும் என்று நான் எங்கும் சொன்னதுமில்லை. ஊரைக் கேட்ட விதம் பிழை என்றுதான் சொன்னேன். இந்த வித்தியாசம் உங்களுக்கு விளங்கும்.

பின்வீட்டுச் செல்வராணி, நீங்கள் உயிரோடு இருந்தபோது புதுமணப்பெண், இப்போது மீன் விற்கிறாள். வள்ளங்கள் விடியுமுன் கரைக்கு வருகின்றன. மீனை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஐந்து மணி பஸ்ஸில் தம்பலகாமம் போகிறாள். அடுத்த பஸ் ஒன்பது மணிக்கு. அதில் போனால் வாங்குகிறவர்கள் வயலில் இருப்பார்கள்.

ஐந்து மணி பஸ் இனியும் தேவையா என்று ஊரைக் கேட்டுச் சொல்லும்படி பஸ் டிப்போவிலிருந்து எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு அறிவித்தார்கள். செயலாளர் ஒன்பது மணி பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் போய்க் கேட்டார்.

“அந்த நேரத்தில ஆர் அன்ரி போறது? ஒருத்தரும் வேணுமெண்டு சொல்லேல்ல” என்றார் கூட்டத்தில்.

“ஐஞ்சு மணிக்குப் போறவை ஒன்பது மணிக்குத் தம்பலகாமத்தில நிக்கினம் தம்பி. நீங்கள் அவையை இஞ்ச எப்பிடிக் காணுறது?” என்றேன்.

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சும்மா மீன் கதை அதற்குப் பிறகுதான் பிறந்தது.

செல்வராணி ஓடி வந்தாள். “அப்ப நாளைக்கு எங்கட பஸ்ஸில ஏறுங்கோ அன்ரி. எல்லாரையும் கேளுங்கோ. ஒரு ஆளும் வேண்டாமெண்டு சொல்லாது.”

“அதுவும் பிழைதான் பிள்ளை. அதுவும் ஒரு பக்கத்தை மட்டும் கேக்கிறதுதானே.”

அவள் முகம் வாடியது. “அப்ப என்ர பக்கத்துக்கு ஆர் அன்ரி?”

உங்களைத்தான் நினைத்தேன்.

கடற்கரையில் மீன் அளக்கிற உத்தியோகத்தில் நீங்கள் இருந்த காலம். எல்லா வள்ளத்தையும் அளக்க ஏலாது, சிலதைத்தான் அளக்கலாம். முதலில் கரைக்கு வருகிறதை அளந்துவிட்டு வந்தால் என்ன என்று நான் கேட்பேன். மீன் படாத வள்ளம்தான் முதலில் திரும்பும், அதை மட்டும் அளந்தால் கடலே வெறுமை என்று எழுத வேண்டிவரும் என்பீர்கள். அதனால் வள்ளங்களின் இலக்கங்களைச் சீட்டுகளில் எழுதி, பிஸ்கட் வந்த தகரப் பேணியில் போட்டுக் குலுக்கி எடுப்பீர்கள். கன்னியர்மடத்தில் படித்த எனக்கு அது சூதாட்டமாகத் தெரிந்தது.

சோறு ஆறிப்போகும். நான் கோபிப்பேன். “சீட்டு விழுந்த வள்ளம் இன்னும் வரேல்லயப்பா. பக்கத்து வள்ளத்தை அளந்திட்டு வந்தால் அது களவு” என்பீர்கள். எத்தனை மத்தியானங்கள் அந்த வெயிலில் நின்றீர்கள்? குடை தந்தால் கொண்டுபோகவும் மாட்டீர்கள்.

அந்தப் பேணி குசினியில்தான் இருந்தது, அரிசிக்குப் பக்கத்தில். ஊரிலுள்ள எல்லா வீட்டு இலக்கங்களையும் எழுதிப் போட்டேன். ஏழை வீடு, மாடி வீடு, எனக்கு ஆகாத வீடு, எதற்கும் ஒரே அளவு வாய்ப்பு. செல்வராணியையே கண்ணை மூடிக்கொண்டு சில சீட்டுகளை எடுக்கச் சொன்னேன், அந்த வீடுகளை மட்டும் கேட்பதென்று. அவளுடைய வீடு வரவில்லை.

“இன்னொருக்கா எடுக்கட்டோ அன்ரி?”

“ஏலாது.”

அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அவள் சீட்டுகளை மேசையில் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுத்தான் போனாள்.

செயலாளரின் வீடு வந்தது. போனேன். கதிரையை இழுத்துப் போட்டார்.

“என்னட்டயும் கேக்கப் போறியளோ அன்ரி?”

“சீட்டு விழுந்திட்டுது. தேத்தண்ணி வேண்டாம், பதிலைச் சொல்லுங்கோ.”

“வேண்டாமெண்டு எழுதுங்கோ.”

வேண்டாம் என்றே எழுதினேன், மடத்தில் பழக்கிய அதே எழுத்தில். அவர் எட்டிப் பார்த்தார், பிறகு வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

இன்னும் ஒரு வீடு மிச்சம். பூட்டியிருக்கிறது. அவர்கள் கந்தளாய்க்கு, மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருக்கிறார்கள். அடுத்த வீட்டு மனுசி, “என்னைக் கேளுங்கோவன்” என்கிறாள். நான் கேட்கவில்லை. நேற்றும் போய் அந்தப் படலையடியில் நின்றேன். குடை கொண்டுபோகவில்லை.

எந்தப் பக்கம் கூடுதலாக வந்திருக்கிறது என்று இங்கே எழுதமாட்டேன், அந்த வீடும் சொல்லட்டும். பஸ் வேண்டாம் என்று வந்தால், அதைச் செல்வராணிக்கு என் வாயாலேயே சொல்வேன். வேண்டும் என்று வந்தால் ஒரு இலக்கமும் கூட்டாமல் டிப்போவுக்குக் கொடுப்பேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்களால் எனக்குப் பதில் எழுத ஏலாது. செயலாளரால் ஏலும், இதன் பிரதி ஒன்றை அவருக்கும் கொடுக்கிறேன். தம்பி, அந்தக் கடைசி வீட்டையும் கேட்டு முடிக்கும்வரை சங்கத்தின் முடிவை டிப்போவுக்கு அனுப்பாமல் வைத்திருப்பீர்களா? தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்போதும் உங்கட மனுசி,
திரேசா