உள்ளே போக முகமில்லை என்றவருக்கு

றொசானாவின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நம் தோட்டத்து லய வீட்டு வரிசையில் இருக்கும் தர்ஷன் கொழும்பில் உங்களைப் பார்த்ததாகச் சொன்னான். "அண்ணே மாதா கோயில் வாசல்லயே நின்னாருங்க அக்கா. உள்ள போங்கன்னேன். 'சாமிய ஏசிட்டு வந்தவன்டா, எனக்கு முகமில்ல'ன்னு அழுதாரு" என்றான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடவுள் உங்களைக் கைவிட்டிருந்தால் உங்கள் கால் அந்த வாசலுக்குப் போயிருக்குமா?

சின்னவனைப் புதைத்துவிட்டு வந்த அன்று, சுவரிலிருந்த சிலுவையைத் தேயிலைச் செடிகளுக்குள் வீசினீர்கள். பிறகு குடி. பிறகு எங்களையும் விட்டுப் போனீர்கள். நீங்கள் வீசிய மறுநாளே நான் அந்தச் சிலுவையைத் தேடி எடுத்து மாட்டிவிட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனின் கோபம், தன் மகனையே சிலுவையில் பார்த்தவருக்குப் புரியாதா? நீங்கள்தான் அவரை விட்டீர்கள். அவர் உங்களை விடவில்லை. மற்றதை நேரில் பேசுவோம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் றொசானாவுக்கு முதல் நன்மை; கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறாள். இதைக் கொண்டு வரும் தர்ஷனோடு ஹட்டன் பஸ் ஏறி வட்டவளையில் இறங்குங்கள்.

"அப்பா வர்றாரு" என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

"வர்றேன்னு சொன்னாராம்மா?"

"இன்னும் சொல்லல. ஆனா வருவாரு" என்றேன்.

அவள் உடனே உங்கள் வெள்ளைச் சட்டையைத் துவைக்க எடுத்துக்கொண்டு போனாள்.

இன்றும்
உங்கள் மனைவி